பெய்ஜிங்கில் நிறைவடைந்த கார்டு: ஸ்டெஃபான் மார்பரியின் பயணமும் அதை வகுத்த விதிகளும்

ஸ்டெஃபான் மார்பரி அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் 13 பருவங்களில் 846 ஆட்டங்கள் ஆடினார். ஆட்டத்துக்குச் சராசரியாக 19.3 புள்ளிகள், 7.6 அசிஸ்டுகள் (சக விளையாட்டாளர் கூடையில் போட வழிவகுத்த பந்துக் கொடுப்புகள்) என்பது அவருடைய கணக்கு. ஆயினும் அவர் தொடக்க ஐவரில் ஒருவராக ஆடிய எந்தக் குழுவும் பிளேஆஃப் முதல் சுற்றைத் தாண்டவில்லை. 2011ஆம் ஆண்டு சீனாவின் சிபிஏ லீக்கில் பெய்ஜிங் டக்ஸ் குழுவில் சேர்ந்தபோது அவருக்கு வயது 34. அதுவரை ஒருமுறைகூட லீக் பட்டம் வெல்லாத அந்தக் குழு 2012, 2014, 2015 என நான்கு பருவங்களுக்குள் மூன்று முறை வென்றது. சீன லீக்கின் தரம் குறைவு, அதனால்தான் வென்றார் என்று சொல்லி இந்த வேறுபாட்டை விளக்கி முடித்துவிடுவது வழக்கமாக உள்ளது. தரம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அதே லீக்கில் அவரைப் போலவே என்பிஏ அனுபவத்துடன் வந்து, அவரைவிட அதிகப் புள்ளிகள் குவித்து, ஒன்றும் வெல்லாமல் ஊர் திரும்பிய கார்டுகள் (பந்தை நடத்திச்செல்லும் இடத்தில் ஆடுபவர்கள்) பலர் இருக்கும்போது அந்த விளக்கம் போதாது. வெளிநாட்டில் ஆடும் ஒரு கார்டின் வாழ்க்கையைத் திறமை ஒரு பங்கு தீர்மானிக்கிறது என்றால், அந்தந்த லீக் வெளிநாட்டினருக்கு எந்த இடத்தைத் திறந்து வைக்கிறது என்பது இன்னொரு பங்கைத் தீர்மானிக்கிறது. சிங்கப்பூரில் தமிழர்களாகிய நாம் காற்பந்தையும் கிரிக்கெட்டையும் பேசும் அளவுக்குக் கூடைப்பந்தைப் பேசுவதில்லை. அதனால் இந்த இரண்டாவது பங்கு நம்மிடையே அதிகம் விளக்கப்படவில்லை. காலாங்கில் நாம் பார்த்த ஆட்டங்களையும் அதுவே வடிவமைத்தது.

கார்டு என்பவர் பந்தைக் களத்தின் மறுபக்கத்துக்குக் கொண்டுசென்று, எந்தத் திட்டப்படி தாக்குவது என்று அறிவித்து, யாருக்கு எந்த நொடியில் பந்து போக வேண்டும் என்று முடிவெடுப்பவர். 2.10 மீட்டர் உயரமுள்ள சென்டர் ஒருவர் எந்த நாட்டுக்குப் போனாலும் அவருடைய உயரம் அவருடன் போகிறது. கூடைக்கு அருகில் நின்று பந்தைப் பறிப்பதற்கு உள்ளூர் மொழி அதிகம் தேவையில்லை. கார்டின் திறன் அப்படிப்பட்டதன்று. சக விளையாட்டாளர் எந்தப் பக்கம் ஓடுவார், யார் அவசரப்படுவார், பயிற்றுநர் எதைப் பொறுத்துக்கொள்வார், நடுவர் எதற்கு விசில் ஊதுவார் என்னும் அறிவே அவருடைய தொழில். நாடு மாறும்போது அதில் பெரும்பகுதியைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஆசியாவின் நடுத்தரக் குழுக்கள் வெளிநாட்டினருக்கான ஓரிரு இடங்களை முதலில் உயரமானவர்களுக்கே ஒதுக்குகின்றன. பந்தை நகர்த்த உள்ளூரில் ஆள் கிடைக்கும், 2.10 மீட்டர் ஆள் கிடைக்க மாட்டார். வெளிநாட்டுக் கார்டு ஒருவர் ஒப்பந்தம் பெற வேண்டுமானால், உள்ளூர்க் கார்டைவிடச் சற்று மேலானவராக இருப்பது போதாது, ஆட்டத்தின் முடிவையே மாற்றக்கூடியவர் என்று குழு நம்ப வேண்டும்.

மார்பரியின் தொடக்கக் கதையிலேயே லீக் விதி ஒன்று குறுக்கிட்டது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் உள்ள கோனி ஐலண்டில் 1977இல் பிறந்த அவர், ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு மட்டும் ஆடிவிட்டு, என்பிஏ குழுக்கள் புதிய விளையாட்டாளர்களை வரிசைப்படி எடுத்துக்கொள்ளும் 1996ஆம் ஆண்டுத் தேர்வில் நான்காவதாகத் தெரிவு செய்யப்பட்டார். தெரிவு செய்த மில்வாக்கி குழு, ஐந்தாவதாகத் தெரிவான ரே ஆலனைப் பெற்றுக்கொண்டு அவரை மினசோட்டாவுக்கு அனுப்பியது. அங்கே கெவின் கார்னெட் இருந்தார். இருவரும் இளைஞர்கள், பத்தாண்டுகளுக்கு லீக்கை ஆளப்போகும் ஜோடி என்று பலரும் எதிர்பார்த்தனர். 1997இல் கார்னெட் ஆறு ஆண்டுகளுக்கு 12.6 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றார். அந்த ஒப்பந்தம் குழு உரிமையாளர்களை அச்சுறுத்தியது. 1998-99 பருவத்தின் கதவடைப்புக்குப் பின் வந்த புதிய தொழில் உடன்பாடு தனியாள் சம்பளத்துக்கு உச்சவரம்பு விதித்தது. அதனால் மார்பரிக்குக் கிடைக்கக்கூடிய தொகை ஏறக்குறைய 7 கோடி டாலராகச் சுருங்கியது. இந்த இடைவெளியும், சொந்த ஊருக்கு அருகில் ஆட வேண்டும் என்ற விருப்பமும் சேர்ந்து, 1999 மார்ச்சில் அவரை நியூ ஜெர்சிக்குக் கொண்டுசென்றன. அது பேராசை என்று அப்போது விமர்சிக்கப்பட்டது. இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர், தமக்கு இணையாகக் கருதப்பட்டவருடைய சம்பளத்தில் பாதியளவே தமக்கு உச்சவரம்பு என்று அறியும்போது என்ன உணர்வார் என்பதை அந்த விமர்சனம் கணக்கில் எடுக்கவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

அதன் பிறகு நடந்தவை அவருடைய பெயரோடு நீண்ட காலம் ஒட்டிக்கொண்டன. 2001இல் அவரை ஃபீனிக்ஸுக்குக் கொடுத்துவிட்டு ஜேசன் கிட்டைப் பெற்ற நியூ ஜெர்சி, அடுத்த இரண்டு பருவங்களிலும் இறுதிச் சுற்றுக்குச் சென்றது. 2004 ஜனவரியில் அவர் ஃபீனிக்ஸிலிருந்து நியூயார்க் நிக்ஸுக்குப் போனார். அடுத்த பருவத்தில் ஸ்டீவ் நேஷை அமர்த்திய ஃபீனிக்ஸ் 62 வெற்றிகள் பெற்றது. அவர் போன பிறகு குழுக்கள் முன்னேறுகின்றன என்ற பேச்சு அப்போது எழுந்தது. 2001, 2003 ஆண்டுகளில் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானவர் அவர். லேக்கர்ஸுக்கு எதிராக 50 புள்ளிகள் அடித்தவரும் அவரே. ஆனாலும் சுற்றியிருக்கும் நால்வரை மேம்படுத்துகிறாரா என்ற கேள்வியே ஒரு கார்டுக்குத் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது. கிட்டும் நேஷும் அதற்கு அளித்த பதிலை மார்பரி அமெரிக்காவில் அளிக்கவில்லை.

2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக் இந்தக் கேள்வியை அனைத்துலக வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கக் குழுவின் முதன்மைக் கார்டுகளில் ஒருவராக மார்பரி ஆடினார். முதல் ஆட்டத்திலேயே போர்ட்டோ ரிக்கோவிடம் 73-92 என்று அமெரிக்கா தோற்றது. அந்த ஆட்டத்தில் தொலைவிலிருந்து எறிந்த 24 மூன்று-புள்ளி வீச்சுகளில் மூன்று மட்டுமே கூடையில் விழுந்தன. தோல்விக்கு உரிய காரணங்களுள் ஒன்று, களத்தின் விதிகளே வேறு என்பது. என்பிஏவில் தற்காப்பாளர் ஒருவர் யாரையும் காவல் காக்காமல் கூடைக்கு முன்னுள்ள பகுதியில் மூன்று நொடிகளுக்கு மேல் நிற்க முடியாது. அனைத்துலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் விதிகளில் அந்தத் தடை இல்லை. எனவே உயரமான ஒருவர் கூடையின் கீழேயே நிலைகொள்ளலாம், கார்டு உள்ளே பாய்ந்து செல்லும் வழி அடைபட்டுவிடும். 48 நிமிடங்களுக்குப் பதில் 40 நிமிடங்கள், ஆறு தவறுகளுக்குப் பதில் ஐந்து என்பதால் ஒருவர் தனியாக ஆட்டத்தைத் தூக்கிச் செல்வதற்கான நேரமும் குறைகிறது. வளையத்தைத் தொட்டுவிட்ட பந்தை யாரும் தட்டிவிடலாம் என்பது போன்ற நுணுக்கங்களும் பழக்கத்தால்தான் வருகின்றன. தனித்திறனால் தற்காப்பை உடைத்துப் பழகிய அமெரிக்கக் கார்டுகளுக்கு இவை அனைத்தும் ஒரே வாரத்தில் எதிர்ப்பட்டன.

அதே போட்டியில் அமெரிக்காவை 94-90 என்று வீழ்த்திய லித்துவேனியாவின் சாருனாஸ் யாசிகெவிசியஸ் 28 புள்ளிகள் அடித்தார். மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஆடியும் 1998ஆம் ஆண்டு என்பிஏ தேர்வில் யாராலும் தெரிவு செய்யப்படாதவர் அவர். வேகமும் தாவலும் குறைவு என்பது அவரைப் பற்றிய பொதுவான மதிப்பீடு. 2003இல் பார்சலோனாவுடனும், 2004, 2005 ஆண்டுகளில் மக்காபி டெல் அவிவுடனும், 2009இல் பனாத்தினைகோஸுடனும் அவர் ஐரோப்பியக் குழுக்களுக்கான யூரோலீக் பட்டம் வென்றார். மூன்று நாடுகள், மூன்று குழுக்கள், நான்கு கிண்ணங்கள். இடையில் இந்தியானா, கோல்டன் ஸ்டேட் ஆகிய என்பிஏ குழுக்களில் இரண்டு பருவங்கள் ஆடியபோது அவர் சாதாரண மாற்று விளையாட்டாளராகவே இருந்தார். இவரையும் மார்பரியையும் அருகருகே வைத்துப் பார்த்தால், யார் சிறந்தவர் என்ற கேள்வி பொருளற்றதாகிறது. ஒருவருக்கு ஐரோப்பிய விதிகளும் கூட்டு ஆட்டமும் இயல்பான நிலம். மற்றவருக்கு அமெரிக்காவின் திறந்த களம். ஆயினும் மார்பரி கற்கக்கூடியவர் என்பதும் ஏதென்ஸிலேயே தெரிந்தது. தோல்வி காணாமல் காலிறுதிக்கு வந்த ஸ்பெயினுக்கு எதிராக அவர் ஆறு மூன்று புள்ளி வீச்சுகளுடன் 31 புள்ளிகள் எடுத்தார். உள்ளே வழியில்லை என்றால் வெளியிலிருந்து எறியலாம் என்ற முடிவை அவர் எடுத்துவிட்டிருந்தார். அமெரிக்கா 102-94 என வென்று, கடைசியில் வெண்கலத்துடன் திரும்பியது.

நியூயார்க்கில் அவருடைய இறுதி ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பயிற்றுநர்களுடன் பொதுவெளியில் பூசல், 2007 டிசம்பரில் தந்தையின் மறைவு, 2008-09 பருவத்தில் 2 கோடி டாலருக்கும் அதிகமான சம்பளத்துடன் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் ஒதுக்கிவைக்கப்பட்ட நிலை, பிறகு பாஸ்டன் குழுவில் சில வாரங்கள். 2006இல் 14.98 டாலருக்கு அவர் வெளியிட்ட ஸ்டார்பரி காலணிகள் வசதி குறைந்த குடும்பங்களைக் கருதி விலையிடப்பட்டவை. அவற்றை விற்ற கடைத்தொடர் 2008இல் நொடித்துப்போனதால் அந்த முயற்சியும் முடங்கியது. சீனாவில் காலணிச் சந்தையைப் பிடிக்கலாம் என்ற எண்ணமும் அவரை அங்கு இழுத்த காரணங்களில் ஒன்று.

2010 ஜனவரியில் அவர் சேர்ந்த ஷான்சி குழு, நிலக்கரி வளத்துக்குப் பெயர்பெற்ற ஷான்சி மாநிலத்தின் தலைநகர் தையுவானில் இருந்தது. அடுத்த பருவம் தெற்கே ஃபோஷானில். இரண்டுமே புகழ்பெற்ற குழுக்கள் அல்ல. அந்தக் காலத்தில் சீனாவுக்கு வந்த பெரும்பாலான அமெரிக்கர்கள் பருவம் முடிந்ததும் விமானம் ஏறிவிடுவார்கள். சீனப் பருவம் வசந்த காலத்துக்குள் முடிந்துவிடுவதால், அங்கே நன்றாக ஆடிவிட்டு என்பிஏ பருவத்தின் கடைசி வாரங்களில் ஓர் இடம் பிடிக்கலாம் என்பது அவர்களுடைய கணக்கு. 2011ஆம் ஆண்டு என்பிஏ கதவடைப்பின்போது ஜே.ஆர். ஸ்மித், ஆரன் புரூக்ஸ் போன்ற கார்டுகள் சீனாவுக்கு வந்தனர். ஸ்மித் 2012 பிப்ரவரியிலேயே நிக்ஸில் இருந்தார். மார்பரிக்கு அந்தக் கணக்கு இல்லை. திரும்பிப்போகும் கதவு சாத்தப்பட்டிருந்தது என்பது ஒரு காரணம். ஆனால் அவர் அங்கேயே வேரூன்ற முடிவெடுத்ததை அது மட்டும் விளக்கிவிடாது.

அவர் அங்கு ஆடிய காலத்தில் பெரும்பாலும் நடப்பிலிருந்த சிபிஏ விதியை இங்கே விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் மூன்று பட்டங்களின் அடிப்படை அதில் இருக்கிறது. ஒரு குழு இரண்டு வெளிநாட்டினரை அமர்த்தலாம். ஆட்டம் 12 நிமிடங்கள் கொண்ட நான்கு கால்பகுதிகளாக நடக்கும். இரண்டு வெளிநாட்டினரும் நான்கு கால்பகுதிகளும் ஆடினால் மொத்தம் எட்டு இடங்கள் ஆகும்; விதி அனுமதித்தது ஆறு இடங்களை மட்டுமே. இறுதிக் கால்பகுதியில் களத்தில் ஒரே ஒரு வெளிநாட்டினர்தான் இருக்க முடியும். ஆட்டம் தீர்மானிக்கப்படும் அந்தப் பன்னிரண்டு நிமிடங்களில் பயிற்றுநர் உயரமான சென்டரை வைத்துக்கொள்வதா, பந்தைக் கையாளும் கார்டை வைத்துக்கொள்வதா என்று முடிவெடுத்தாக வேண்டும். யாரை வைத்தாலும் அவரைச் சுற்றி நான்கு உள்ளூர் விளையாட்டாளர்கள் இருப்பார்கள்.

இதன் விளைவு ஆழமானது. சென்டரை நம்பும் குழு, கடைசி நிமிடங்களில் அவருக்குப் பந்து கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு உள்ளூர்க் கார்டை நம்ப வேண்டும். எதிரணி அந்தக் கார்டை நெருக்கினால் சென்டர் கையில் பந்தே வராது. புள்ளிகளுக்காகவே அமர்த்தப்பட்ட வெளிநாட்டுக் கார்டை நம்பும் குழுவுக்கோ வேறு சிக்கல்: முதல் மூன்று கால்பகுதிகளில் பந்தையே தொடாமல் ஓடிக்கொண்டிருந்த நான்கு உள்ளூர் விளையாட்டாளர்கள், நான்காவது கால்பகுதியில் எதிரணி இருவராக அந்தக் கார்டைச் சூழும்போது, திடீரென்று தன்னம்பிக்கையோடு எறிய மாட்டார்கள். ஆகவே முப்பது நிமிடங்களுக்கு மேலாகச் சக விளையாட்டாளர்களை ஆட்டத்துக்குள் இழுத்துவைத்து, கடைசி நிமிடங்களில் மட்டும் தாமே முடிவெடுக்கத் தெரிந்த கார்டுக்குத்தான் அந்த விதி மிகப் பெரிய பரிசை வைத்திருந்தது. அமெரிக்காவில் மார்பரியிடம் இல்லை என்று சொல்லப்பட்டதும் சீனாவில் அவர் செய்து காட்டியதும் இதையேதான்.

பெய்ஜிங்கில் பயிற்றுநர் மின் லூலேய் அவரிடம் ஆட்டத்தை ஒப்படைத்தார். மற்றொரு வெளிநாட்டினரான ராண்டால்ஃப் மாரிஸ் கூடைக்கு அருகில் ஆடும் பெரிய உருவம். மார்பரியின் பணி அவரோடு முடியவில்லை, உள்ளூர் எறிவாளர்களுக்கும் பந்து போனது. 2012 மார்ச்சில் இறுதிச் சுற்றில் எதிர்ப்பட்டது, அந்தக் காலத்தில் சீன லீக்கை ஆதிக்கம் செய்துவந்த குவாங்டொங். அங்கே ஆரன் புரூக்ஸ் இருந்தார், என்பிஏவில் நல்ல பருவங்கள் கண்டவர், மார்பரியைவிட ஏறக்குறைய எட்டு வயது இளையவர். பெய்ஜிங் 4-1 என்று வென்றது. பட்டத்தை உறுதிசெய்த ஐந்தாவது ஆட்டத்தில் மார்பரி 41 புள்ளிகள் எடுத்தார். நகரம் அவருக்குச் சிலை வைத்தது. 2014இல் சின்ஜியாங்கையும் 2015இல் லியாவ்னிங்கையும் வென்று பெய்ஜிங் மேலும் இரு பட்டங்கள் பெற்றபோது அவருடைய கால்களில் பழைய வேகம் இல்லை. 2015 இறுதிச் சுற்றின் ஆகச் சிறந்த விளையாட்டாளராகத் தேர்வானபோது அவருக்கு வயது 38. வேகத்தை இழந்த கார்டு ஒருவர், இடைவெளி எங்கே திறக்கும் என்பதை அரை நொடி முன்னதாக அறிந்திருந்தால் போதும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்த ஆட்டத்தில் எனக்குத் தெரிந்து குறைவு. பின்னர் சீன அரசு அவருக்கு நிரந்தரவாசத் தகுதியும் அளித்தது. வெளிநாட்டு விளையாட்டாளருக்கு அது எளிதில் கிடைப்பதன்று.

விதிகள் கார்டுகளுக்குக் கதவு திறந்த இடங்கள் சீனாவில் மட்டும் இல்லை. பிலிப்பீன்ஸின் பிபிஏ லீக்கில் ஒரு பருவம் மூன்று போட்டிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அவற்றில் ஒன்றில் வெளிநாட்டினருக்கே இடமில்லை. கவர்னர்ஸ் கோப்பையிலோ வெளிநாட்டினரின் உயரத்துக்கு நீண்ட காலமாக 1.96 மீட்டர் அளவில் வரம்பு இருந்தது. அதனால் சென்டர்கள் வெளியேற, பந்தைக் கையாளத் தெரிந்தவர்களுக்கு வாய்ப்பு வந்தது. தென்கொரியாவின் கேபிஎல் 2018-19 பருவத்தில் இன்னும் ஒருபடி மேலே சென்று, ஒரு வெளிநாட்டினர் 200 சென்டிமீட்டருக்கும் மற்றவர் 186 சென்டிமீட்டருக்கும் மேற்படக் கூடாது என்றது. சில சென்டிமீட்டர் கூடுதலாக இருந்த குற்றத்துக்காக நல்ல விளையாட்டாளர்கள் வெளியேற நேர்ந்த அந்த விதி ஒரே பருவத்தில் கைவிடப்பட்டது. அது கைவிடப்பட்டது சரியே. ஆனால் அந்த ஒரு பருவத்துக்கு 1.86 மீட்டர் உயரமுள்ள கார்டு கொரியாவில் தேடப்படும் பொருளாக இருந்தார். ஒருவருடைய வாழ்வாதாரம் லீக் அலுவலகத்தின் ஒரு தீர்மானத்தால் உருவாகவும் மறையவும் கூடும்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் வெளிநாட்டு விளையாட்டாளரின் ஒப்பந்தம் பெரும்பாலும் வரி போகக் கைக்கு வரும் தொகையாக எழுதப்படுகிறது. வீடு, கார், விமானச் சீட்டு ஆகியவை குழுவின் பொறுப்பு. நாடு மாறுபவருக்கு முந்தைய நாட்டின் சம்மேளனம் விடுவிப்புக் கடிதம் தந்தாக வேண்டும். அது இல்லாமல் புதிய குழுவில் பதிவு நடக்காது. முற்காலத்தில் சம்பளம் நின்றுபோனால் அந்நிய நாட்டு நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் அலைவதைத் தவிர வழியில்லை. 2007இல் ஜெனீவாவை மையமாகக் கொண்டு ஃபிபா ஒரு நடுவர் மன்றத்தை ஏற்படுத்தியது இந்த நிலையை மாற்றியது. ஒரு நாட்டின் சட்டத்தை மட்டும் பற்றிக்கொள்ளாமல் நியாயத்தின் அடிப்படையில், பெரும்பாலும் ஒரே நடுவர், தீர்ப்பளிக்கிறார். தீர்ப்பை மதிக்காத குழு புதிய விளையாட்டாளர்களைப் பதிவு செய்ய முடியாதபடி தடை விதிக்கப்படலாம். ஒப்பந்தத்தில் இந்த மன்றத்தைக் குறிப்பிடும் ஒரு வரி இருக்கிறதா என்பதே முகவர்கள் முதலில் பார்க்கும் வரிகளில் ஒன்று. புகழ்பெற்ற நட்சத்திரங்களுக்கு அல்ல, ஆண்டுக்கு ஒரு நாடு என்று நகரும் சாதாரண கார்டுகளுக்கே இந்த மன்றம் மிகுதியும் பயன்பட்டிருக்கிறது.

கடப்பிதழ் இன்னொரு கதவு. தேசியக் குழுக்களில், 16 வயதுக்குப் பின் குடியுரிமை பெற்றவர் ஒருவருக்கு மட்டுமே ஃபிபா இடம் தருகிறது. நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த போ மெக்கேலப் 2008ஆம் ஆண்டு என்பிஏ தேர்வில் தெரிவாகாத கார்டு. மாசிடோனியா அந்த ஒற்றை இடத்தை அவருக்குக் கொடுத்தது. 2011 ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில், இருபது லட்சம் மக்கள்தொகை கொண்ட அந்நாடு, போட்டியை நடத்திய லித்துவேனியாவையே காலிறுதியில் வென்று நான்காம் இடம் பிடித்தது. அந்த இடத்தைச் சென்டருக்குக் கொடுக்காமல் கார்டுக்குக் கொடுத்தது துணிவான முடிவு. பல நாடுகள் பிற்பாடு அதைப் பின்பற்றியிருக்கின்றன.

சிங்கப்பூருக்கு இந்த உலகம் வந்து சேர்ந்தது ஸ்லிங்கர்ஸ் வழியாக. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் ஆடிய நாடு நம்முடையது என்றாலும், நிபுணத்துவக் குழு ஒன்று இங்கே உருவாக 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவின் என்பிஎல் லீக்கில் இடம்பெற்ற முதல் ஆசியக் குழுவாக ஸ்லிங்கர்ஸ் சிங்கப்பூர் உள்விளையாட்டரங்கில் ஆடியது. பக்கத்து ஊரான பெர்த்துக்கே ஏறக்குறைய ஐந்து மணி நேரப் பயணம், நியூசிலாந்துக்கு அதைப்போல் இரு மடங்கு. அந்தச் செலவைத் தாங்க முடியாமல் இரண்டு பருவங்களில் குழு விலகியது. 2009இல் தொடங்கிய ஆசியான் கூடைப்பந்து லீக்கான ஏபிஎல், ஸ்லிங்கர்ஸுக்கு மறுவாழ்வு தந்தது. பயிற்றுநர் நியோ பெங் சியாங்கின் கீழ் குழு 2016, 2017, 2019 ஆகிய ஆண்டுகளில் இறுதிச் சுற்றுக்கு முன்னேறியது. மலேசியாவின் டிராகன்ஸ், ஹாங்காங்கின் ஈஸ்டர்ன், இந்தோனீசியாவின் சிஎல்எஸ் நைட்ஸ் ஆகியவற்றிடம் முறையே பட்டத்தை இழந்தது. மூன்று இறுதிச் சுற்றுகள், ஒரு கிண்ணமும் இல்லை என்பது ஓசிபிசி அரங்கத்துக்குப் போய்வந்த எவருக்கும் இன்னும் வலிக்கும்.

ஏபிஎல்லின் விதி சீன விதியிலிருந்து வேறுபட்டது. உலக அளவிலான வெளிநாட்டினருக்குத் தனி வரம்பும், தென்கிழக்காசியர்களுக்கும் பெற்றோரில் ஒருவரேனும் இவ்வட்டாரத்தைச் சேர்ந்தவர்களுக்கும் தனி இடங்களும் இருந்தன. இந்த இரண்டாம் வகை ஏறக்குறைய முழுவதும் கார்டுகளுக்கே பயன்பட்டது, ஏனெனில் இவ்வட்டாரத்தில் ஏராளமாகக் கிடைப்பவர்கள் பிலிப்பீன்ஸின் கார்டுகள். ஸ்லிங்கர்ஸுக்காக ஆடிய ஆல் வெர்காராவும், பிலிப்பீன்ஸ் வம்சாவளி அமெரிக்கரான கிரிஸ் ரொசாலெஸும் அந்த வழியாக வந்தவர்கள். உலக வெளிநாட்டினர் இடங்களில் ஜஸ்டின் ஹாவர்ட் போன்ற பெரிய உருவமும், பந்தை நகர்த்தவும் பறிக்கவும் கொடுக்கவும் தெரிந்த சேவியர் அலெக்ஸாண்டரும் சேர்ந்து ஆடிய ஆண்டுகளே ஸ்லிங்கர்ஸின் சிறந்த ஆண்டுகள். பெயரளவில் கார்டாக இல்லாவிட்டாலும் அலெக்ஸாண்டர் கார்டின் பணியைச் செய்தார். பருவத்துக்குப் பருவம் திரும்பி வந்தது அவரைச் சிறப்பாக்கியது. ஒரே ஊரில் தங்கிய வெளிநாட்டினருக்கு மட்டுமே கிடைக்கும் ஒத்திசைவு அவருடைய ட்ரிபிள் டபுள்களில் (ஒரே ஆட்டத்தில் மூன்று கணக்குகளில் இரட்டை இலக்கம்) தெரிந்தது.

இதே விதிகள் உள்ளூர்க் கார்டுக்கு என்ன செய்கின்றன என்பதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் பகுதி. வீவக பேட்டைகளில் இருக்கும் திடல்களிலும் பள்ளிக் குழுக்களிலும் உருவாகும் இளையர், 18 வயதில் தேசிய சேவைக்குச் செல்கிறார். கார்டின் முடிவெடுக்கும் திறன் முதிரும் ஆண்டுகள் அவை. திரும்பி வரும்போது அவருடைய இடத்தில் மணிலாவில் வளர்ந்த, அதே வயதில் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடிய ஒருவர் நிற்கிறார். வோங் வெய் லோங் போன்றோர் அந்தச் சூழலிலும் நீண்ட காலம் நிலைத்து ஆடினார்கள் என்பதும், சிங்கப்பூர் ஆண்கள் குழு 2013, 2015 தென்கிழக்காசிய விளையாட்டுகளில் வெண்கலம் வென்றது என்பதும் அவர்களுடைய உழைப்புக்குச் சான்று. ஸ்லிங்கர்ஸ் பட்டியலில் நம்மவர்களாகிய பத்மன் மதியழகன், லவின் ராஜ் ஆகியோரும் இருந்திருக்கிறார்கள். இருவரும் உயரத்தால் கூடைக்கு அருகில் ஆடியவர்கள். பந்தை நடத்திச்செல்லும் இடத்தில் ஒரு தமிழ் இளையரை நான் இன்னும் பார்க்க விரும்புகிறேன்.

வெளிநாட்டுக்குப் போக விரும்பும் சிங்கப்பூர்க் கார்டுக்கு வழி குறுகலானது. ஜப்பானின் பி.லீக் 2020-21 பருவத்தில் ஆசியர்களுக்கெனத் தனி இடம் ஒன்றை ஏற்படுத்தியது. அந்த விதியின்கீழ் முதலில் சென்ற பிலிப்பீனியர் தர்டி ரவேனா. அடுத்த ஆண்டு அவருடைய அண்ணன் கீஃபர் ரவேனா சென்றார். 2022இல் கொரியாவும் பிலிப்பீன்ஸுக்குக் கதவு திறந்தது. ஆர்ஜே அபாரியென்டோஸ் அங்கே முதல் பருவத்திலேயே சிறந்த புதுமுகமாகத் தேர்வானார். மூவரும் கார்டு இடத்திலோ அதை ஒட்டியோ ஆடுபவர்கள். ஆசியாவின் மற்ற லீக்குகள் உயரத்தை அமெரிக்காவிலிருந்தும் பந்து கையாளும் திறனை மணிலாவிலிருந்தும் வாங்குகின்றன. ஜப்பானின் தொடக்கப் பட்டியலில் சீனா, தைவான், இந்தோனீசியா, பிலிப்பீன்ஸ், தென்கொரியா ஆகியவை இருந்தன. சிங்கப்பூர் இல்லை. ஏபிஎல்லோ 2020இல் கொவிட்-19 காரணமாகப் பாதியில் நின்று, 2023இல் சுருக்கமான வடிவில் மட்டுமே மீண்டும் நடந்தது. இந்நிலையில் இங்குள்ள ஓர் இளையர் எவ்வளவு பயின்றாலும், அவருடைய கடப்பிதழுக்கு இடமளிக்கும் விதி எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு அவருடைய சங்கமும் பதில் தேட வேண்டும். ஜப்பானுடனும் கொரியாவுடனும் பேச வேண்டியது சம்மேளன மட்டத்து வேலை.

மார்பரி பெய்ஜிங் டக்ஸிலிருந்து 2017இல் பிரிந்தார். அவர் இன்னும் ஒரு பருவம் ஆட விரும்பினார், குழு உடன்படவில்லை. அதே நகரத்தின் மற்றொரு குழுவான பெய்கொங்கில் சேர்ந்து, 41ஆவது பிறந்தநாளுக்குச் சில நாள்கள் முன்பு, 2018 பிப்ரவரியில் கடைசி ஆட்டத்தை ஆடினார். 2019இல் அதே குழுவுக்குத் தலைமைப் பயிற்றுநரானார். அந்தப் பருவத்தில்தான் சிபிஏ விதியை மேலும் இறுக்கியது: நான்கு கால்பகுதிகளிலும் களத்தில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு வெளிநாட்டினர். சென்டரை வைத்துக்கொள்வதா, கார்டை வைத்துக்கொள்வதா என்று ஆட்டம் முழுவதும் முடிவெடுக்க வேண்டிய இடத்தில் இப்போது அவரே இருந்தார்.